இடது கை ஊசி

ஊசி முனை கண்ணிக்குள் போகாமல் மறுபடியும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றும் இல்லை, பெண்கள் வாயில் ஊர்க்கதையும் கையில் நூலுமாகச் செய்கிற காரியம்தான், ஆனாலும் மருதைக்கு நெற்றியோரம் வேர்த்திருந்தது, மதியமே பனிமூட்டம் இறங்கி ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்ட கோத்தகிரிக் குளிரில் வேர்த்திருந்தது. எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிவபாக்கியம் தன் ஊசிகளை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இறுக்காதீங்க. இப்படி இறுக்கினா உள்ள எப்படிப் போகும்? எருமையைக் கட்டுற கயிறா இது?" என்றாள். இறுக்குகிறோம் என்பதே அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. இடது கையில் ஒரு ஊசி, அதன் மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்திருக்கும் மெரூன் நிற நூல் வளையங்கள், வளையம் ஒவ்வொன்றுக்கும் கண்ணி என்று பெயர். வலது கை ஊசியை முதல் கண்ணிக்குள் விட வேண்டும், நூலை அதன் முனையில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், சுற்றிய நூலைக் கண்ணி வழியாக இந்தப் பக்கம் இழுக்க வேண்டும், பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். உலகத்தில் உள்ள ஸ்வெட்டரெல்லாம் இந்த நாலு அசைவில்தான் நிற்கிறது என்று, விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என ஊசியைக் கையில் கொடுத்த பாக்கியம் காலையில் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. டிரைவருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் என்று அவளே ஒன்று கட்டினாள், "ஆளு ஏறணும், வண்டி ஒரு சுத்து சுத்தணும், ஆளு இறங்கணும், ஸ்டாப்பை விட்டுடணும். ஸ்டாப்பை விடாம அங்கயே நின்னா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான்." ஏறு, சுத்து, இறங்கு, விடு. ஏறு என்பதிலேயே வண்டி நின்றது.

நாளைக் காலையில் கோயம்புத்தூரில் மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து அவரைப் பார்ப்பார்கள், நடக்கச் சொல்வார்கள், விரலால் மூக்கைத் தொடச் சொல்வார்கள், கையைப் பிடித்து அழுத்தச் சொல்வார்கள், பிறகு ஒருவர் குனிந்து எழுதுவார், மருதை மறுபடி பஸ் ஓட்டலாம் அல்லது ஓட்டக் கூடாது. சித்திரையில் பக்கவாதம் வந்தது. கோணிய வாய் வைகாசியில் நேரானது, கால் ஆனி கடைசியில் சொந்தக் கால் மாதிரி நடக்கத் தொடங்கியது, கையும் பிடிக்கிறது, தேங்காயை உடைக்கிறது, குடையை விரிக்கிறது. இடது கையில் பிடிப்பு வந்துவிட்டது, அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வராதது ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்க்க முடியாது. மணிக்கட்டுக்குக் கீழே அந்தக் கை தொடுவது எதுவும் அவருக்கு வந்து சேர்வதில்லை. பார்த்தால் கை இருக்கிறது, பார்க்காவிட்டால் இல்லை, அல்லது எங்கேயோ இருக்கிறது, பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிற மாதிரி. பிசியோதெரபிப் பெண் களிமண் கொடுத்தாள், பச்சைப்பயறு பொறுக்கச் சொன்னாள், அவர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்தார், அவள் "வெரி குட் அங்கிள்" என்றாள். கண் பார்த்தது, கை செய்தது, பெயர் கைக்குப் போனது. பாக்கியம் ஆடி மாதம் வரைக்கும் தினம் காலையில் அவர் சுண்டுவிரலைக் கிள்ளி முகத்தையே பார்ப்பாள், "தெரியுதா?" என்பாள், இல்லை என்று தலையாட்டுவார், அவள் சரி என்று எழுந்து போவாள், அந்தச் சரியின் அடியில் இருந்தது அவரால் தாங்க முடியாததாக ஆகிக்கொண்டே வந்து, ஒருநாள், கிள்ளுகிறாள் என்று கண் சொன்னதும், "ஸ்ஸ்... வலிக்குதுடி" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினாள். அன்றைக்குக் கேசரி கிண்டினாள். அது பொய் இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை என்று அவர் வைத்துக்கொண்டார். உண்மைதான் இன்னும் வந்து சேரவில்லை.

ஏறியது. ஊசி கண்ணிக்குள் ஏறியதும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, சுத்து, நூல் சுற்றியது, இறங்கு, முனையைத் தாழ்த்தி மெதுவாக, மெதுவாக, பழைய கண்ணிக்குள்ளிருந்து புதியது ஒரு தலையை நீட்டியது, விடு. விட்டார். ஒன்று. "பார்த்தீங்களா" என்றாள் பாக்கியம். அடுத்தது. அடுத்தது. வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிப் பிடித்து மறுபடி முதலிலிருந்து, பஸ் மேட்டுப்பாளையம் போய்த் திரும்பி வருகிற மாதிரி, போன பாதையிலேயே. வலது கைக்கு நூலின் சொரசொரப்பு தெரிந்தது, ஊசியின் சில்லிப்பு தெரிந்தது, இடது கை சும்மா பிடித்துக்கொண்டிருந்தது, அது பிடித்திருக்கிறதா என்று கண் வரிசைக்குப் பலமுறை போய்ப் பார்த்து வந்தது. கண்ணுக்குத்தான் எவ்வளவு வேலை. சித்திரையில் அந்தக் காலையில் டெப்போ டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார், கிளாஸ் உடைகிற சத்தம் கேட்டது, யாரோ போட்டு உடைத்துவிட்டான் என்று திரும்பிப் பார்த்தார், எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், அவர் கை டீ கிளாஸைப் பிடித்த மாதிரியே வளைந்து வெறுமையாக இருந்தது. காது சொல்லித்தான் கைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு காதும் கண்ணோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. போன மாதம் ஊட்டியில் ஒரு டாக்டர், நல்ல மனுஷன், கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், தொடும்போது சொல்லுங்க என்றார். டாக்டர் குனியும்போதெல்லாம் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாக்கள் ஒன்றோடொன்று உரசின. பேனா உரசியதும் மருதை "ம்" என்றார். "ம்." "ம்." டாக்டர் தோளில் தட்டினார். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அதே பேனாச் சத்தத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார், பரீட்சையில் காப்பியடித்த பையனுக்கு வருகிற சந்தோஷமும் வந்தது, அவனைப் போலவே டாக்டர் அறைக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாளைக்கு வருகிற டாக்டர் பையில் பேனா வைத்திருப்பாரா.

"ஐயையோ, என்ன இது, டிக்கெட் எடுக்காத ஆளெல்லாம் ஏறியிருக்கு!" என்று பாக்கியம் சிரித்தாள். அவர் பின்னியதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கீழே குறுகலாக இருந்தது, மேலே வர வர அகன்று முறம் மாதிரி விரிந்திருந்தது. புதிதாகப் பின்னுகிற எல்லோரும் செய்கிற தப்பாம், வரிசை திரும்பும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பிடித்துவிடுவது, அப்போது ஓரத்தில் இருக்கிற ஒரு கண்ணி இரண்டு கால் காட்டி இரண்டு கண்ணி மாதிரி நிற்கும், ஆளும் இரண்டு என்று நம்பி இரண்டிலும் ஊசியை விடுவார். நூல் தப்புச் செய்யவில்லை, பார்த்தவர்தான் இல்லாததை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். "கண்டக்டர் இல்லாம வண்டி ஓட்டினா அப்படித்தான்" என்றார் மருதை. அவள் அதற்கும் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டாமல் கண்டக்டரே வந்து நின்றான். யூசுப், பன்னிரண்டு வருஷமாக அவர் வண்டியில் விசில் ஊதியவன், மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தான், கையில் வர்க்கி பிஸ்கட் பொட்டலம். மடியில் நூல் உருண்டையோடு உட்கார்ந்திருந்த டிரைவரைப் பார்த்துவிட்டு வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணி, என்ன நடக்குது இங்க? பிரசவத்துக்கு ரெடி பண்றீங்களா?" "ஆமா, உங்க அண்ணனுக்குத்தான். மசக்கை." "எனக்கு ஒரு குல்லா போட்டுக் கொடுங்கண்ணே, தொழுகைக்கு ஆகும்." "முறம் வேணும்னா தர்றேன், தலையில கவுத்துக்க" என்று மருதை பின்னியதைக் காட்டினார். யூசுப் வர்க்கியை அவிழ்த்தான், டீ வந்தது, அவர் டம்ளரை வலது கையில் வாங்கிக்கொண்டார். யூசுப்புக்கு வண்டியைப் பற்றித்தான் பேச்சு. புதிதாக வந்த டிரைவர் பையன் பிரேக்கிலேயே நிற்கிறானாம், அரவேனு தாண்டறதுக்குள்ள முன் சீட்டில் ரெண்டு பேர் வாந்தி எடுக்கிறார்களாம், கேரட் மூட்டைக்காரப் பெண்கள் தினமும் கேட்கிறார்களாம், "எங்கய்யா உங்க டிரைவரு? அவரு வண்டின்னா தூங்கிக்கிட்டே போகலாம்." அவர் வண்டியென்றால் தூங்கிக்கொண்டே போகலாம். மருதை வர்க்கியை மென்றுகொண்டிருந்தார், அது வாயில் மாவாகவே சுற்றியது. "பிரான்ச்ல சொல்லிட்டேன்ணே, போர்டு முடிஞ்சு வந்ததும் நம்ம ரெண்டு பேரையும் பழையபடி ஒரே வண்டியில போடச் சொல்லி. கையைக் கொடுங்க பாப்போம்." கொடுத்தார். யூசுப் இடது கையைப் பிடித்துக் குலுக்கினான், அவர் கண்ணால் பார்த்து, இவ்வளவு அழுத்தினால் போதும் என்று கணக்கிட்டு அழுத்தினார், "யப்பா! இரும்புண்ணே! டாக்டர் விரலை உடைச்சிராதீங்க" என்று அவன் கையை உதறினான். பாக்கியத்தின் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. யூசுப் எழுந்து போனபிறகும் அவன் நாற்காலியில் அவன் இருப்பது போலவே இருந்தது, அவன் பின்படியில் நின்று விசில் ஊதுவான், ஊதினால் வண்டி போகும், அவன் ஒருநாளும் முன்னால் வந்து கையைப் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

பாக்கியம் குடத்தை எடுத்துக்கொண்டாள், பைப்பில் தண்ணீர் வரும் நேரம். வாசலுக்குப் போனவள் திரும்பி, "இன்னொண்ணு சொல்றேன். பாம்பைப் பார்க்கிற மாதிரி அதையே பார்க்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பின்னுங்க. கைக்கே தெரியும். நான் டிவியில சீரியல் பார்த்துக்கிட்டே ஸ்வெட்டருக்கு ஒரு கை முடிப்பேன்" என்றாள். போனாள். கைக்கே தெரியும். மருதை பின்னலை மடியில் சால்வை மேல் வைத்து, புதிய வரிசையைத் தொடங்கி, நாலு கண்ணி கண்ணால் பார்த்துப் பின்னி, பிறகு கண்ணை மூடினார். ஐந்தாவது கண்ணியை வலது ஊசி தடவிக் கண்டுபிடித்தது. ஏறு, சுத்து, இறங்கு, விடு. வந்தது. கண்ணை மூடியும் வந்தது. அவள் சொன்னது சரிதான், ஒருவேளை இந்த ஐந்து மாதமும் கண்தான் இடைஞ்சலாக இருந்ததோ, அது பார்ப்பதனால்தான் கை தொட்டாற்சுருங்கி போலச் சுருங்கிக்கொண்டதோ, விட்டுவிட்டால் தன்னால் வருமோ. ஆறாவதும் வந்தது. வலது கையைக் கொஞ்சம் நிறுத்தி, இடது கையை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார், இடது கை, கியர்க் கை. ஸ்டாண்டிலிருந்து வண்டி வெளியே வந்தது. வலது கையில் ஸ்டியரிங், இடது கையில் கியர் கம்பியின் உருண்டைத் தலை, அது எந்நேரமும் ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கும், இஞ்சின் முனகுவதற்கு முன்பே அந்த ஆட்டத்தில் கைக்குச் செய்தி வந்துவிடும், காது அதற்குப் பிறகுதான். அரவேனு தாண்டியதும் இறக்கம். தேர்டிலிருந்து செகண்ட். மலை இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் இல்லை, கியர்தான், பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறி மிதித்த இடத்தில் ஒன்றும் இருக்காது, அந்தப் பையனிடம் இதைச் சொல்ல வேண்டும். பலாமரங்கள், குஞ்சப்பனை ஸ்டாப், பலாப்பழ வாசனைக்கு யானை வந்து நிற்கிற வளைவு. உள்ளே கேரட் மூட்டைக்காரிகள் தூங்குகிறார்கள், ஜன்னலில் தலை இடித்துக்கொண்டு, ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்குகிறாள், யூசுப் பின்னால் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போடுகிறான். மூங்கில் காடு. கீழே மேட்டுப்பாளையத்துச் சமவெளி, வெயில். ஒருமுறை இங்கேதான் ஒரு லாரி தடுப்புச் சுவரைத் தாண்டிப் போய் மரத்தில் மாட்டி மல்லாந்து கிடந்தது, இவர் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்தபோதும் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, கியர் எதிலும் விழாமல் நடுவில் நியூட்ரலில் நின்றிருந்தது என்று பிறகு சொன்னார்கள், டிரைவர் செகண்டில் போட்டதாக நினைத்திருப்பான், பாவம், நினைத்திருப்பான், போட்டுவிட்டோம் என்ற நினைப்பிலேயே வளைவுக்குள் வந்திருப்பான். வளைவு வருகிறது, செகண்ட், கை பிடித்திருக்கிறது, நன்றாகப் பிடித்திருக்கிறது. அடுத்த கண்ணி. வலது ஊசியை நீட்டினார். ஒன்றும் தட்டவில்லை. கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கும் என்று நீட்டினார். இல்லை. கொஞ்சம் மேலே. இல்லை. கண்ணி எங்கேயும் போகாது, ஊசி என் கையில் இருக்கிறது, ஊசி மேல் கண்ணி இருக்கிறது, நான்தான் தடவத் தெரியாமல் தடவுகிறேன் என்று மறுபடி நீட்டினார், வலது ஊசியின் முனை போய்த் தன் இடது உள்ளங்கையில் குத்தியதும் அவருக்குத் தெரியவில்லை, இனிமேல் போக முடியாமல் எதிலோ முட்டி நிற்கிறது என்று மட்டும் வலது கை சொன்னது. கண்ணைத் திறந்தார்.

இடது கை காலியாக இருந்தது. ஊசியைப் பிடித்த மாதிரியே விரல்கள் வளைந்து, கட்டைவிரல் அதன் மேல் அழுந்தி, ஒழுங்காக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஊசி கண்ணிகளை விட்டு நழுவிச் சால்வை மடிப்பில் கிடந்தது. எப்போது விழுந்தது? அரவேனுவிலா, பலாமரத்துக்கு முன்பா, சத்தம் கேட்கவில்லையே, சால்வையில் விழுந்தால் எப்படிக் கேட்கும், பஸ் போடுகிற சத்தத்தில் கியர் கம்பி நழுவினால் மட்டும் கேட்குமா. கண்ணிகள் ஊசி இல்லாமல் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஒன்று ஏற்கெனவே கீழே இறங்கி, அதற்குக் கீழே இருந்ததும் அவிழ்ந்து, ஏணி மாதிரி ஒரு கோடு போயிருந்தது. மருதைக்கு முதலில் வந்தது பயம் இல்லை, அவசரம். அவள் வருவதற்குள் ஊசியை உள்ளே விட்டுவிட வேண்டும். விட்டார், கண்ணால் பார்த்து, ஒவ்வொரு கண்ணியாகத் தூக்கி ஊசியில் மாட்டினார், கை செய்தது, நன்றாகவே செய்தது, பார்த்தால் எல்லாம் செய்யும். நாளைக்கும் செய்யும். பஞ்சு எந்தப் பக்கம் வருகிறதென்று டாக்டரின் மூச்சிலேயே தெரிந்துவிடும், யூசுப் விசில் ஊதுவான், கியரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினால் ஆகாதா, ரோட்டை ஒரு கண், கியரை ஒரு கண், பனிமூட்டம் இறங்கிய நாளில் ரோட்டுக்கு இரண்டு கண்ணும் போதாதே. ஓட்டக் கூடாது என்று எழுதிவிட்டால் டெப்போவில் டீசல் போடுகிற இடத்தில் ஒரு ஸ்டூல் கொடுப்பார்கள், காலையில் தன் வண்டி தன் முன்னாலேயே வேறொருவன் கையில் வெளியே போகும், போகிற பையன் கையைக் காட்டுவான், இவரும் காட்ட வேண்டும். அதற்கு எந்தக் கையும் போதும். அந்த ஏணிக்கோட்டை மட்டும் அவருக்குச் சரிசெய்யத் தெரியவில்லை, அதைப் பாக்கியம் இன்னும் சொல்லித்தரவில்லை.

குடம் சமையல்கட்டில் இறங்கியது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள். "விழுந்துடுச்சா? விடுங்க, எல்லாருக்கும் விழும். எனக்கு எத்தனை தடவை விழுந்திருக்கு" என்றாள். முடிந்துவிட்டது. எல்லாருக்கும் விழும் என்று அவளே சொல்லிவிட்டாள், ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், சாயந்திரம் சப்பாத்திக்கு மாவு பிசைவாள், காலையில் பஸ் ஏறுவார்கள். மருதை தலையாட்டவில்லை. பின்னலை நாற்காலிக் கையில் வைத்தார். இடது கையைத் தொடை மேல் மல்லாத்தி வைத்தார். "பாக்கியம், இந்தக் கையில ஏதாவது வை. என்னன்னு சொல்றேன்." "என்ன விளையாட்டு இது?" "வையேன்." கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது, காதை வேலைக்கு விடக் கூடாது என்று ஏதோ ஒரு பாட்டின் மெட்டை மனசுக்குள் ஓட்டினார், அவள் என்ன எடுக்கிறாளோ, நூல் உருண்டையோ, டம்ளரோ, வர்க்கியோ, தேடுகிறாள் போல, நேரம் எடுக்கிறாள், மனுஷி எதையுமே சட்டென்று செய்ய மாட்டாள். "என்ன இன்னும்? வை" என்றார்.



"வச்சாச்சு" என்றாள், வெகுநேரம் கழித்து, பக்கத்திலிருந்து, மிகவும் பக்கத்திலிருந்து. அவர் கண்ணைத் திறந்தார். அவர் உள்ளங்கையில் இருந்தது அவள் கை. விரலோடு விரல் கோத்து, முட்டி வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடியிலயும் வரலையா?" என்றாள். "வரல." "கேசரி கிண்டினேனே." "ம்." ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ தண்ணீர் நின்றுவிடும் என்று கூப்பிட்டார்கள். "நாளைக்கு?" என்றாள் பாக்கியம். "போவோம். போய்ச் சொல்லிடுவோம். நீ பக்கத்துல நில்லு, நான் வேற மாதிரி ஏதாவது பேசினா நீ சொல்லு." அவள் சரி என்றாள். கையை எடுக்கவில்லை. தான் பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும் எடுக்கவில்லை. கண்ணை எடுத்தால் அது அங்கே இல்லாமல் போய்விடும் என்பதால், மருதை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.